ஒரு காட்சி, பல பாடங்கள்



மணிமுத்தாற்றங்கரையில் நான் சிறுவனாக இருந்த நாளில், பள்ளி ஆண்டுவிழாவுக்கென ஒரு நாடகம் எழுதினேன். தாயும் மகனும் பிரியும் காட்சி ஒன்றை மூன்று முறை மாற்றி எழுதி, ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்தெறிந்தேன். ஒத்திகையின்போது, முதலில் எழுதியதே சிறந்தது என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் அதில் பாதிகூட நினைவில் எஞ்சவில்லை. அந்தச் சிறு இழப்பை எண்ணும்போதெல்லாம், எங்கள் திருநெல்வேலிச் சீமையின் ஏட்டுச் சுவடிகள் என் நினைவுக்கு வரும்.

பழந்தமிழ் நூல்கள் ஓலையில் வாழ்ந்தவை. ஓலை பழுதாகுமுன் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பர். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. 'செறு' என்றாலும் 'சேறு' என்றாலும் எழுத்து ஒன்றே. முன்னது வயல், பின்னது குழைந்த மண். படி எடுப்பவர் ஒருவர் ஒன்றைக் கொள்வார். மற்றொருவர் மற்றொன்றைக் கொள்வார். இவ்வாறு ஒரே பாட்டுக்குப் பல பாடங்கள் தோன்றின. சிலர் தாமே பாடிய செய்யுள்களையும் இடையில் சேர்த்தனர்.

இவற்றை எவ்வாறு ஆள்வது? இரண்டு வழிகளை நம் நாட்டுப் புலவர்கள் காட்டியுள்ளனர்.

முதல் வழி டாக்டர் உ. வே. சாமிநாதையருடையது. 1889-இல் அச்சேறிய பத்துப்பாட்டுக்காக ஏடு தேடித் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிவரை அவர் வந்தார். கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, பொருத்தமான பாடத்தை மேலே அமைத்து, வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டுவது அவர் கைக்கொண்ட முறை. முடிவு அவருடையது, ஆயினும் அதை மறுப்பதற்கு வேண்டிய சான்றும் வாசகன் கையிலேயே இருந்தது.

இரண்டாவது வழி, குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடையது. பதினாயிரம் செய்யுள் அளவில் வழங்கிய கம்பராமாயணத்தில், கம்பருடையவை அல்ல என்று தம் சுவையுணர்வுக்குப் பட்டவற்றை அவர் விலக்கினார். சில சொற்களையும் திருத்தினார். கம்பனைப் பலருடைய இதயத்தில் குடியேற்றியவர் அவர். அப்பெருமையை எவரும் மறுக்க இயலாது. ஆனால் ஒருவருடைய சுவையே துலாக்கோல் ஆகலாமா என்று புலவர் பலர் வினவினர். அவ்வினா நியாயமானதே.

என் கருத்து இது: தேர்ந்தெடுப்பது குற்றமன்று, தேர்ந்தெடுக்காமல் நூலே இல்லை. தள்ளியதை மீட்க வழியில்லாமற் செய்வதே தவறு. பின்வந்த கம்பராமாயணப் பதிப்புகள் சிலவற்றில், ஐயத்துக்குரிய செய்யுள்கள் 'மிகைப்பாடல்கள்' என்று தனியே வைக்கப்பட்டன. அவை நூலிலிருந்து நீங்கின, ஆனால் அழியவில்லை. மீட்க இயலாத இழப்பு எத்தகையது என்பதற்குக் கரிவலம்வந்தநல்லூர் சான்று. வரகுணராம பாண்டியருடைய சுவடிகளைத் தேடி ஐயர் அவ்வூருக்குச் சென்றபோது, கோயிலிலிருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. எத்தனை பாடங்கள் அத்தீயில் மறைந்தனவோ!

இன்று கணிப்பொறியில் கதை எழுதுவோருக்கென அமைந்த மென்பொருள்கள் சில, ஒரு காட்சியின் பழைய வடிவங்களை நாள் குறித்துச் சேமித்துவைக்கின்றன. வேண்டியபோது பழையதையும் புதியதையும் ஒப்பிடலாம். ஏடுகளை ஒப்பிட்ட அடிக்குறிப்பின் வேலையே இது. ஆனால் எது சிறந்தது என்று அந்தப் பொறி சொல்லாது. அதற்கு ரசிகமணியிடம் இருந்தது போன்ற சுவையுணர்வு வேண்டும். அச்சுவை பிழைக்கவும் கூடும் என்றறிந்த ஐயரின் அடக்கமும் வேண்டும்.

ஆகையால் மாணவர்களே, தயங்காமல் திருத்துங்கள், துணிந்து தேர்ந்தெடுங்கள். பழைய தாளை மட்டும் கிழிக்காதீர்கள்.