லைபீரியாவின் கொடியும் ‘எங்களை’ என்ற சொல்லும்

லைபீரியாவின் கொடியைப் பார்த்தால் அமெரிக்கக் கொடியோ என்று தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: கோடுகள் 11, நட்சத்திரம் ஒன்றே ஒன்று. 1847 ஜூலை 26 அன்று சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 11 பேர். அந்தக் கோடுகள் அவர்களைக் குறிக்கின்றன. மன்ரோவியாவில் அவர்கள் கூடிய இடம் ஒரு பாப்டிஸ்ட் ஆலயம். கொடியைத் தைத்தவர்கள் சூசன்னா லூயிஸ் தலைமையில் ஏழு பெண்கள். அவர்களுக்குக் கோடு எதுவும் இல்லை!

அந்த 11 பேரும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினத்தவரைச் சேர்ந்தவர்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள் பலர் அந்தக் குடியேற்றத்தில் இருந்தார்கள். ஆகவே நாட்டின் முத்திரையில் ஒரு கப்பல் கரையை நெருங்குகிறது. மேலே உள்ள வாசகம், சுதந்திரத்தின்மேல் உள்ள அன்பே எங்களை இங்கே கொண்டுவந்தது என்பது.

ஆங்கிலத்தில் ‘நம்மை’, ‘எங்களை’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எழுதும்போது நாம் தெரிந்தெடுத்தாக வேண்டும். சரித்திரத்தைப் பார்த்தால் ‘எங்களை’ என்றுதான் எழுத முடிகிறது. க்பெல்லே, பாஸா, குரு மக்கள் எந்தக் கப்பலிலும் வரவில்லையே. அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். 1904 வரை அவர்களுக்குக் குடியுரிமைகூட இல்லை. சங்கிலியை அறிந்தவர்களின் தேசத்திலேயே, உள்நாட்டார் கட்டாய வேலைக்குப் பெர்னாண்டோ போ தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சர்வதேச சங்கத்தின் விசாரணை அதை வெளிப்படுத்தியது. 1930இல் ஜனாதிபதி சார்லஸ் கிங் பதவி விலகினார்.

பூர்வகுடியில் பிறந்த ஒருவர் முதன்முதலாக நாட்டின் தலைமைக்கு வந்தது 1980இல், அதுவும் இரத்தம் சிந்திய இராணுவப் புரட்சியால். வாசகத்தை மாற்ற வேண்டும் என்று லைபீரியர்களே கேட்டிருக்கிறார்கள். கப்பல் இன்னும் முத்திரையில் இருக்கிறது.