வந்தவரும் உள்ளூர்க்காரரும்: இரு சீன ஆலைகள், இரு தலைவர்கள்

சீனாவுக்கு மேலாளராகப் போகிறவர்களிடம் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. நாலு பேர் முன்னால் யாரையும் குறை சொல்லாதீர்கள். முகம் வாடினால் வேலை கெடும். அறிவுரை சரியானதுதான். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் அணியை நடத்திவிட முடியாது. 1984ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில், சீனாவின் இரு நகரங்களில் இருவர் நலிந்த ஆலைகளின் பொறுப்பை ஏற்றார்கள். இருவருமே இந்த அறிவுரையை வெளிப்படையாக மீறினார்கள். இருவருமே ஆலையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் ஒருவர் செய்த மாற்றம் அவர் கிளம்பிய பின் நிலைக்கவில்லை. மற்றவர் செய்தது ஒரு பெருநிறுவனமாக வளர்ந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இருவர்

முதலாமவர் வெர்னர் கெரிஷ். ஓய்வுபெற்ற ஜெர்மானியப் பொறியாளர். அப்போது வயது 65. ஓய்வுபெற்ற வல்லுநர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஜெர்மன் அமைப்பு ஒன்றின் மூலம், வூஹான் டீசல் இஞ்சின் ஆலைக்கு ஆலோசகராக வந்தார். வூஹானுக்கும் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்குக்கும் 1982 முதல் சகோதர நகர உறவு இருந்தது. ஆலையில் என்னென்ன கோளாறு என்று அவர் சொல்லச் சொல்ல, நகர நிர்வாகம் துணிந்து 1984 நவம்பரில் ஆலையையே அவரிடம் ஒப்படைத்தது. மக்கள் சீனக் குடியரசில் அரசு ஆலை ஒன்றுக்குத் தலைவரான முதல் வெளிநாட்டவர் அவர்தான்.

இரண்டாமவர் ஜாங் ருய்மின். ஷாண்டோங் மாகாணத்துக்காரர், வயது 35. 1984 டிசம்பரில் சிங்டாவ் குளிர்பதனப் பெட்டி ஆலைக்குத் தலைவரானார். அந்த ஒரே ஆண்டில் அங்கே வந்த நான்காவது தலைவர் அவர். ஆலைக்கு 14.7 லட்சம் யுவான் கடன். வசந்த விழா எனும் சீனப் புத்தாண்டு நெருங்கியபோது சம்பளம் போடக் காசில்லை. அக்கம்பக்கத்துக் கிராமத்தில் கடன் வாங்கிக் கொடுத்தார். இதே ஆலைதான் பிறகு ஹையர் என்ற பெருநிறுவனம் ஆனது.

சிங்டாவிலும் ஒரு ஜெர்மன் இழை உண்டு. லீப்ஹெர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை அந்த ஆலை வாங்கியிருந்தது. ஆக, ஜெர்மன் தரத்தைச் சீனத் தொழிலாளர் கையில் கொண்டுவர வேண்டும் என்பதே இரு இடங்களிலும் வேலை. வூஹானில் அந்தத் தரம் ஓர் ஆளாக நேரில் வந்து நின்றது. சிங்டாவில் வரைபடமாகவும் இயந்திரமாகவும் வந்தது. அதை மனிதர்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஓர் உள்ளூர்க்காரரிடம் இருந்தது.

இருவரும் எதிர்கொண்டது

அக்காலச் சீன ஆலை வேலை செய்யும் இடம் மட்டுமல்ல. வீடு, மருத்துவம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதன் வழியாகத்தான் கிடைத்தன. வேலை ஆயுளுக்கும் நிரந்தரம். நன்றாகச் செய்தவருக்கும் ஏனோதானோவென்று செய்தவருக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. பொருளைச் செய்தவரும் அதைச் சோதிப்பவரும் ஒரே குடியிருப்பில் அண்டை வீட்டார். இன்று ஒரு பாகத்தை ‘கழிவு’ என்று ஒதுக்கினால் நாளை காலை தண்ணீர்க் குழாயடியில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பண்டத் தட்டுப்பாடு வேறு; எதைச் செய்தாலும் விற்றது.

வெளியிலிருந்து பார்ப்பவர் இதையெல்லாம் ‘சீனப் பண்பாடு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார். அந்த மூட்டையில் பாதி, கூலியும் குடியிருப்பும் உண்டாக்கிய ஏற்பாடு. ஏற்பாட்டை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதை இந்த இரு ஆலைகளும் காட்டின.

குறையைக் காட்டிய விதம்

கெரிஷ் ஆலைக்குள் நடக்கும்போது அளவுமானியும் காந்தமும் வெள்ளைக் கையுறையும் கூடவே வரும். உருளைக்குள் விரலை விட்டுத் துழாவுவார். காந்தத்தை விட்டு எடுப்பார். ஒட்டிக்கொண்டு வரும் இரும்புத் தூளை அங்கேயே எல்லோருக்கும் காட்டுவார். இஞ்சின் சீக்கிரம் தேய்ந்துபோவதற்கு அந்தத் தூள்தான் காரணம். தலைமைப் பொறியாளரையும் தரச் சோதனைப் பொறுப்பாளரையும் பதவியிலிருந்து இறக்கினார். அதிகாரிகள் கூட்டத்திலும் பழுதான பாகங்களை மேசைமேல் எடுத்து வைத்துப் பேசினார். ஓர் இஞ்சினுக்குள் தங்கும் கசடு 5,600 மில்லிகிராமிலிருந்து 100 மில்லிகிராமுக்குள் வந்தது என்று சீனப் பதிவுகள் சொல்கின்றன.

உள்ளூர்த் தலைவர் ஒருவர் இதைச் செய்திருந்தால் அன்று மாலையே வீட்டு வாசலில் சிபாரிசு வந்து நின்றிருக்கும். கெரிஷுக்கு அங்கே மாமன் மச்சான் இல்லை. பழைய நன்றிக்கடன் இல்லை. வூஹானில் எதிர்காலமும் தேவையில்லை. அந்நியர் என்பதே அவருடைய பலம். மற்றவர்கள் அறிந்தும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவரால் சொல்ல முடிந்தது.

ஜாங் ருய்மினுக்கு அந்த வசதி இல்லை. அவர் 13 விதிகளோடு தொடங்கினார். பணிக்கூடத்துக்குள் மலஜலம் கழிக்கக் கூடாது, ஆலைப் பொருளைத் திருடக் கூடாது என்பவையும் அவற்றில் உண்டு. நிலைமை அப்படி இருந்தது. விதிகளை ஒட்டிய பிறகு ஒருவர் ஒரு பெட்டி மூலப்பொருளைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கே அவருடைய வேலைநீக்க அறிவிப்பு சுவரேறியது.

1985இல் ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்தது. கிடங்கில் இருந்த நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் சோதித்ததில் 76 பழுது. ஊழியர்களுக்கே மலிவு விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். ஒரு பெட்டியின் விலை ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சம்பளம். ஜாங் மறுத்தார். சம்மட்டியை வரவழைத்து முதல் அடியைத் தாமே அடித்தார். மீதியை அந்தப் பெட்டிகளைச் செய்தவர்களே உடைக்க வேண்டும் என்றார். சிலர் அழுதுகொண்டே உடைத்தார்கள். தம் சம்பளத்தையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். 1988இல் அந்த ஆலை குளிர்பதனப் பெட்டித் துறையில் நாட்டின் முதல் தரத் தங்கப் பதக்கத்தை வென்றது. அந்தச் சம்மட்டி இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேறுபாடு எங்கே?

கண்டிப்பில் இருவரும் சளைத்தவர்கள் அல்ல. கெரிஷ் அளந்தார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரம் அவருடைய கண்ணில் இருந்தது. ஜாங் தொழிலாளியின் கையிலேயே சம்மட்டியைக் கொடுத்தார். தரம் அந்தக் கைக்கு மாறியது. இன்னொன்று, தலைகுனிவை அவர் கீழ்மட்டத்தோடு நிறுத்தவில்லை. 1995இல் சிங்டாவின் ரெட் ஸ்டார் சலவை இயந்திர ஆலையை ஹையர் எடுத்துக்கொண்டது. அங்கே சோதனையில் கவனம் பிசகிய பெண் ஊழியருக்கு 50 யுவான் அபராதம் போட்டார்கள். மேலே இருப்பவருக்குப் பொறுப்பு இல்லையா என்ற விவாதத்தை ஹையரே கிளப்பியது. கடைசியில் மேலாளர் ஒருவர் தமக்குத் தாமே 300 யுவான் அபராதம் விதித்துக்கொண்டார். மேலே உள்ளவரும் தலைகுனியும்போது கீழே உள்ளவருக்கு அது அவமானமாகப் படுவதில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கெரிஷுக்குக் கிடைத்தவை இரண்டே ஆண்டுகள். 1986இல் ஊர் திரும்பிவிட்டார். ஜாங் 2021 வரை பொறுப்பில் இருந்தார். காலம் கெரிஷின் பக்கம் இல்லை. 1990களில் வூஹான் ஆலை நலிந்தது. ஆனாலும் அந்த ஊர் அவரை மறக்கவில்லை. 2003இல் அவர் காலமானார். 2005இல் வூஹானில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது.

உள்ளூர்க்காரர் அந்நியரானபோது

2000இல் ஹையர் அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்துக் கேம்டனில் ஆலை திறந்தது. சிங்டாவில் ஒரு பழக்கம் இருந்தது: வேலையில் பிசகியவர் நாள் முடிவில், தரையில் வரைந்த பாதச்சுவடுகளின் மேல் நின்று தம் பிழையைச் சொல்ல வேண்டும். கேம்டன் தொழிலாளர்கள் அதற்கு இணங்கவில்லை. ஹையர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அன்று நன்றாக வேலை செய்தவர் அந்த இடத்தில் நின்று பேசட்டும் என்று மாற்றியது. 2016இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வீட்டு உபயோகப் பொருள் பிரிவை 540 கோடி டாலருக்குப் பேசி வாங்கியபோது, கென்டக்கியின் லூயிவில்லில் இருந்த அமெரிக்க நிர்வாகத்தின் கையிலேயே அதை விட்டுவைத்தது. வெளியூரில் தான் யார் என்பதை அது புரிந்துகொண்டிருந்தது.

என் முடிவு இதுதான். சீனப் பணியிடத்தில் அந்நியராகத் தலைமை ஏற்பவருக்கு உண்மையைச் சொல்லும் சுதந்திரம் கிடைக்கிறது. அது கெரிஷ் காட்டிய வழி, அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் சொன்னதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர்கள் உருவாகாவிட்டால், பதவிக்காலம் முடியும் நாளில் எல்லாம் முடிந்துவிடும். நாளை ஷாங்காயிலோ ஷென்ஜெனிலோ ஓர் அணியை நடத்தப் போகிறவர் முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை: இங்கே கூலியும் பதவி உயர்வும் எப்படிப் போகின்றன? சோதிப்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? நான் போன பிறகு இந்த அளவுகோலை யார் பிடிப்பார்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாதவரை நம் வேலை பாதிதான் நடந்திருக்கிறது.