இவ்வாறாயின் இவ்வாறு செய்: எந்திரங்களுக்கு விதி வகுத்த வரலாறு



நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. நீர் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. குறித்த உயரத்தை எட்டியதும் குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. அங்கே காவலுக்கு ஆள் இல்லை, கணினியும் இல்லை. ‘நீர் இவ்வளவு உயர்ந்தால் மூடு, தாழ்ந்தால் திற’ என்னும் ஒரேயொரு விதி, பித்தளையும் பிளாஸ்டிக்குமாக உருவெடுத்துக் குடியிருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும், தானே இயங்கும் இரயில்களிலும், மருத்துவமனைக் கருவிகளிலும் இன்று பணிபுரியும் மென்பொருள்களுள் பல, இத்தகைய விதிகளின் பெருந்தொகுப்புகளே.

நம் குடும்பங்களில் வளைகுடா நாட்டு ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் இரவுப் பணி பார்ப்போர் உண்டு. மென்பொருள் நிறுவனங்களில் நிரல் எழுதும் பிள்ளைகள் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் பெரியோரும் உண்டு. இம்மூவரையும் பிணைக்கும் வரலாறு ஒன்று இருக்கிறது. எந்திரத்திற்கு விதி எழுதுவது எப்படித் தொடங்கியது, எங்கே வெற்றி பெற்றது, எங்கே உயிர்களைப் பறித்தது என்பதை நாம் அறிந்திருப்பது நலம்.

பாக்தாதின் கணக்கும் கருவியும்

கலீஃபா மஃமூன் அவர்களின் ஆட்சிக்காலம் கி.பி. 813 முதல் 833 வரை. அக்காலத்தில் பாக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீயின் பெயரே இலத்தீன் மொழியில் திரிந்து, ‘அல்காரிதம்’ என்னும் சொல்லாயிற்று. அவர் இயற்றிய அல்ஜீப்ரா நூல் சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்தது. கணக்கு எந்த வகையில் அடங்குகிறதோ அதற்குரிய படிகளை வரிசையாகச் சொன்னது. ‘இவ்வாறாயின் இவ்வாறு செய்’ என்பதே அந்நூலின் நடை.

அந்நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது நாம் கவனிக்கத்தக்கது. மய்யித்தின் சொத்திலிருந்து கடன், அடுத்து வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு என்னும் வரிசை நம் இல்லங்களில் பலரும் அறிந்தது. வரிசை மாறினால் ஒவ்வொருவருடைய பங்கும் மாறிவிடும். விதி சரியாக இருந்தால் மட்டும் போதாது, விதிகளின் வரிசையும் சரியாக இருக்கவேண்டும் என்பதை ஃபராயிள் கணக்குப் போட்டவர்கள் நன்கறிவர். பிற்காலத்தில் ஒரு மருத்துவக் கருவியின் கதையில் இதே உண்மை கொடிய வடிவில் மீண்டும் வெளிப்பட்டதைக் கீழே காண்போம்.

அல்-குவாரிஸ்மீ தாளில் வகுத்த ஒழுங்கை உலோகத்தில் வடித்தவர்கள் மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர்களாகிய முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவர். ‘பனூ மூஸா’ என்று வழங்கப்படும் இச்சகோதரர்கள் கி.பி. 850ஆம் ஆண்டளவில் எழுதிய ‘கிதாபுல் ஹியல்’ ஏறத்தாழ நூறு கருவிகளை விவரிக்கிறது. மிதவைகளும் கூம்பு வடிவ அடைப்பான்களும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. திரியைத் தானே உயர்த்திக்கொள்ளும் விளக்கும், எண்ணெயைத் தானே நிரப்பிக்கொள்ளும் விளக்கும் அவற்றுள் அடங்கும். 1206இல் அல்-ஜஸரீ தம் நூலை நிறைவு செய்தார். தியார்பக்ரின் அர்துக்கிய மன்னரிடம் பணிபுரிந்த அவர் செய்த நீர்க்கடிகாரங்களில், நீரின் மட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் மிதவை அறை இருந்தது. மட்டம் நிலையாக இருந்தால் ஓட்டம் நிலையாக இருக்கும். ஓட்டம் நிலையாக இருந்தால் நேரம் பிசகாது.

இவை அனைத்தையும் நம்மவர்களே முதன்முதலில் கண்டனர் என்று கூறுவது நேர்மையாகாது. அலெக்சாந்திரியாவின் கிரேக்க அறிஞர்கள் மிதவைக் கருவிகளை முன்னரே செய்திருந்தனர். பனூ மூஸா அவர்களின் நூல்களைக் கற்று, அவர்கள் விட்ட இடத்திலிருந்து வெகுதூரம் நடந்தனர். பிறருடைய அறிவை மதித்துப் பெற்றதும், பெற்றதை வளர்த்ததுமே அவர்களின் பெருமை.

சொற்களால் இயங்கிய நீராவி எந்திரம்

1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி உயரும். அவை உயர்ந்தால் நீராவியின் வழி சுருங்கும். அதன் பின் வந்த கட்டுப்பாட்டுப் பொறியியல் பெரும்பாலும் கணிதச் சமன்பாடுகளின் வழியே வளர்ந்தது. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சி நின்றது. சிமென்ட் சூளை போன்றவற்றின் உள்ளே நடப்பதைச் சமன்பாட்டில் அடக்குவது மிகக் கடினம். அனுபவமுள்ள பணியாளரோ சுடரின் நிறத்தைப் பார்த்தே அதைச் சமாளித்துவிடுவார். ‘வெப்பம் சற்றுக் கூடுதல், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, எனவே எரிபொருளைக் கொஞ்சம் குறை’ என்பது அவருடைய மொழி. ‘சற்று’, ‘கொஞ்சம்’ என்னும் சொற்களைக் கணினிக்கு எவ்வாறு கற்பிப்பது?

இவ்வினாவுக்கு விடை தந்தவர் லுத்ஃபி ஸாதே. 1921இல் பாகூ நகரில் பிறந்து, பத்து வயதில் தெஹ்ரானுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பொறியியல் கற்றவர். 1944இல் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1965இல் அவர் வெளியிட்ட கட்டுரை ‘ஃபஸி’ கணங்கள் என்னும் கருத்தை முன்வைத்தது. ஒரு பொருள் ‘சூடு’ என்னும் கூட்டத்தில் முழுமையாக இருக்கவேண்டும் அல்லது முற்றிலும் வெளியே இருக்கவேண்டும் என்பதில்லை. சுழியத்திற்கும் ஒன்றுக்கும் இடையே எந்த அளவிலும் அதற்குள் இருக்கலாம் என்றார் அவர். கணிதத்தின் கறார்த்தன்மையைக் குலைக்கிறார் என்று அறிஞர் பலர் அவரைக் கண்டித்தனர்.

கண்டனத்துக்குச் செயலால் பதில் சொன்னவர் இப்ராஹீம் மம்தானி. 1942இல் இன்றைய தான்சானியாவில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் பயின்று, இலண்டன் குயின் மேரி கல்லூரியில் ஆய்வாளரானவர். 1973இல் ஸாதே எழுதிய மற்றொரு கட்டுரையால் தூண்டப்பெற்று, தம் மாணவர் அஸிலியானுடன் சேர்ந்து ஆய்வகத்தின் சிறு நீராவி எந்திரத்தைச் சொற்களால் இயக்கிக் காட்டினார். ‘அழுத்தம் மிகக் குறைவாக இருந்து, அது மாறாமலும் இருந்தால், வெப்பத்தை மிகுதியாகக் கூட்டு’ என்ற வகையில் அமைந்த இருபதுக்கும் சற்று மேற்பட்ட விதிகளே கொதிகலனின் வெப்பத்தையும் நீராவியின் வழியையும் ஆண்டன. 1974, 1975ஆம் ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளியாயின.

அதன் பின் டென்மார்க்கின் பொறியாளர்கள் உண்மையான சிமென்ட் சூளையிலேயே இம்முறையைக் கையாண்டனர். சூளைப் பணியாளர்களுக்கான கைந்நூலில் இருந்த விதிகள் கணினிக்குள் இடம்பெற்றன. தொழிலாளியின் அனுபவம் எவரும் வாசிக்கத்தக்க எழுத்தாகி, எந்திரத்தின் அறிவாயிற்று.

செண்டாயின் இரயில்

ஜப்பானின் செண்டாய் நகரில் 1987 ஜூலையில் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியது. அதன் தானியங்கி ஓட்டத்தை ஹிட்டாச்சி நிறுவனப் பொறியாளர்கள் ஃபஸி விதிகளால் அமைத்திருந்தனர். தண்டவாளத்தில் வண்டி ஓடுவதற்கு முன்பே, சிமுலேஷன் எனப்படும் கணினி மாதிரி ஓட்டங்களில் அவ்விதிகள் சோதிக்கப்பட்டன. விதிகளும் முன்னோக்கிச் சிந்திப்பவையாக இருந்தன. ‘பிரேக்கை இந்த நிலையிலேயே விட்டால் வண்டி சரியான இடத்தில் நிற்கும் எனில், மாற்றாதே’ என்பது அவற்றின் போக்கு. இதனால் வண்டி குலுக்கமின்றி ஓடியது. நடைமேடையில் குறித்த இடத்தில் நின்றது.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வண்டியை இதமாக ஓட்டும் பொறுப்பு நெகிழ்வான விதிகளிடம் இருந்தது. வேக வரம்பை மீறினாலோ முன்செல்லும் வண்டியை நெருங்கினாலோ பிரேக்கைப் பிடிக்கும் பொறுப்பு, அவற்றிலிருந்து விலகி நின்ற தனிக் காப்பு அமைப்பிடம் இருந்தது. அந்தக் காப்புக்குச் ‘சற்று’, ‘கொஞ்சம்’ என்னும் சொற்கள் தெரியா. வரம்பு மீறினால் நிறுத்து என்பதே அதன் ஒற்றை விதி. ஆக, விதிகள் இருவகை: ஓட்டும் விதி ஒன்று, காக்கும் விதி மற்றொன்று. முன்னது திறமையால் மதிக்கப்படுகிறது. பின்னது தனித்து நிற்பதால் மதிக்கப்படுகிறது.

காவலை அகற்றியதன் விலை

இவ்விரண்டையும் ஒன்றாக்கியதன் விளைவை அதே ஆண்டுகளில் வட அமெரிக்கா கண்டது. ‘தெராக்-25’ என்பது கனடாவில் தயாரான கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி. அதற்கு முந்தைய ‘தெராக்-20’ கருவியில், மென்பொருள் எதைச் சொன்னாலும், பாகங்கள் உரிய இடத்தில் இல்லையெனில் கதிரைத் தடுத்துவிடும் தனி மின்காப்புகள் இருந்தன. புதிய கருவியில் அக்காப்புகளுள் பல நீக்கப்பட்டன. அவற்றின் பணியும் மென்பொருளிடமே ஒப்படைக்கப்பட்டது.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். ஒரு வேளைச் சிகிச்சைக்கு வழக்கமான அளவு ஏறத்தாழ 200 ரேட். முதல் விபத்தில் உடலில் பாய்ந்தது 15,000 முதல் 20,000 ரேட் வரை இருக்கலாம் என்று பின்னர் கணிக்கப்பட்டது.

1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நிகழ்ந்தவற்றின் காரணம் இது. கருவியை இயக்குபவர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டிவிட்டு உடனே திருத்தினார். காந்தங்கள் நிலைக்கு வர ஏறக்குறைய எட்டு வினாடிகள் ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருளின் ஒரு பகுதி கண்டது, மற்றொரு பகுதி காணவில்லை. திரையில் எல்லாம் சரியாகத் தோன்றியது; கருவிக்குள்ளோ எல்லாம் பிறழ்ந்திருந்தது. பிழையை அறிவித்த செய்தி ‘54’ என்னும் எண்ணை மட்டும் காட்டியது. அதன் பொருளை இயக்குபவருக்கு எவரும் விளக்கியிருக்கவில்லை.

1987இல் யாக்கிமா நகர விபத்தின் காரணம் வேறு. பாகங்களைச் சரிபார்க்கவேண்டுமா என்று காட்டும் ஓர் எண், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே சென்றது. 256ஆம் சுற்றில் இடம் போதாமல் அது சுழியமாயிற்று. சுழியம் என்றால் சரிபார்க்கத் தேவையில்லை என்பது விதி. அந்த ஒரு கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டது. விதி எழுத்தளவில் இருந்தது. வேண்டிய நேரத்தில் விழித்திருக்கவில்லை.

இவை அனைத்திலும் நெஞ்சை உறுத்தும் செய்தி இனித்தான் வருகிறது. டைலர் விபத்துக்குக் காரணமான அதே பிழை பழைய ‘தெராக்-20’ கருவியின் மென்பொருளிலும் இருந்தது பின்னர் தெரியவந்தது. அங்கே அது ஃபியூஸை எரித்ததே தவிர, எந்த நோயாளியையும் தீண்டவில்லை. பிழை ஒன்றே, ஓரிடத்தில் காவல் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. முதல் முறையீடுகள் வந்தபோது, மிகைக் கதிர்வீச்சுக்கு வாய்ப்பே இல்லை என்றுதான் தயாரிப்பாளர் தரப்பு பதிலளித்தது. 1993இல் நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் வெளியிட்ட விரிவான ஆய்வு இவற்றைத் தொகுத்துரைத்தது. மென்பொருள் பாதுகாப்பைக் கற்பிக்கும் வகுப்புகளில் இன்றளவும் அது பாடமாக இருக்கிறது.

நம் தலைமுறைக்கு

தொழிற்சாலைகளிலும் இப்பாடம் நெறியாக வேரூன்றியது. ஆலையை ஓட்டும் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு, அபாயத்தில் ஆலையை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு வேறு என்று பிரித்து வைப்பது நல்ல ஆலைகளின் வழக்கம். 1998 முதல் 2000 வரை பகுதி பகுதியாக வெளியான ஐ.இ.சி. 61508 என்னும் சர்வதேசத் தரநெறி, பாதுகாப்பு அமைப்புகளை நான்கு நிலைகளாக வகுத்து, நிலை உயர உயரக் கடுமையான சான்றுகளைக் கோருகிறது.

இன்றைய கணினிகளுள் பல, விதிகளை நம்மிடம் கேட்பதில்லை. குவியும் தரவுகளிலிருந்து தாமே கற்கின்றன. அவற்றின் திறமை வியப்புக்குரியது. ஆயினும் மம்தானியின் விதிகளை ஒரு கொதிகலன் பணியாளர் வாசித்து, ‘இந்த மூன்றாவது விதி தவறு’ என்று சொல்ல முடிந்தது. கற்றுக்கொண்ட எந்திரத்திடம் அவ்வாறு விரல் வைத்துக் காட்ட ஒரு வரி கிடைப்பது அரிது. வாசிக்க இயலாத ஒன்று ஓட்டுநராக அமரும்போது, வாசிக்க இயலும் காவலின் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

நிரல் எழுதும் நம் பிள்ளைகளும், ஆலைகளில் பணிபுரியும் நம் சகோதரர்களும் மூன்று வினாக்களைக் கையோடு வைத்திருப்பார்களாக. இவ்விதியைப் பணியில் நிற்பவர் வாசித்துப் புரிந்துகொள்ள முடியுமா? வரிசையும் நேரமும் பிசகினால் என்ன ஆகும் என்று சோதித்தோமா? இது தவறினால் தடுத்து நிறுத்த, இதைச் சாராத வேறொன்று இருக்கிறதா? செலவைக் குறைக்கக் காவலை அகற்றலாம் என்று மேலிடம் சொல்லும் நாளில், மூன்றாம் வினாவை உரக்கக் கேட்பதற்குத் துணிவு வேண்டும்.

கருவியின் கீழ் படுத்திருக்கும் நோயாளி நிரலை வாசிப்பதில்லை; இரயிலில் உறங்கும் பயணி விதிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் தம் உயிரை, முகம் அறியாத ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.