மேற்கோளின் எடை: காலரா ஆய்வாளர் சம்புநாத் டே

ஓர் அறிவைப் பெற்றவர், அதை யாரிடமிருந்து பெற்றார் என்று சொல்லக் கடமைப்பட்டவர். ஹதீஸ் கலையின் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடர் இக்கடமையின் மீதே நிற்கின்றது. இக்கால அறிவியலில் அதற்கு நிகரானது மேற்கோள் ஆகும். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை எடுத்தாண்டன என்று எண்ணும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. அவருடைய நிறுவனத்தின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வெளிவரலாயிற்று. ஆய்வாளரின் தகுதியை இவ்வெண்களைக் கொண்டே அளக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இவை எதைக் காட்டும், எதைக் காட்டா என்பதற்குக் கல்கத்தாவின் சம்புநாத் டே (1915–1985) தக்க சான்றாவார்.

1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்த ராபர்ட் கோக், அது நஞ்சொன்றை உமிழ்கின்றது எனக் கருதினார். அதன்பின் 75 ஆண்டுகள் அக்கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை. நோய் குடலில் நிகழ்வது. எனவே நஞ்சையும் குடலிலேயே தேடவேண்டும் என்பது டேயின் தெளிவு. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் கோத்து வீங்கியது. இம்முறை 1953இல் வெளியாயிற்று. பிறகு, கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமி அறவே இல்லாத அந்நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. ஆகவே நோயாளியின் உடல்நீரை வற்றச் செய்வது கிருமி உமிழும் நஞ்சே என்பது உறுதியாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழில் வந்த இக்கட்டுரை மிகச் சுருக்கமானது.

உலகம் அதை உடனே கண்டுகொள்ளவில்லை. 1969இல் அமெரிக்காவில் அந்நஞ்சு தூய்மையாகப் பிரிக்கப்பட்டது. ஆய்வுகள் பெருகின, டேயின் கட்டுரையும் பெரிதும் எடுத்தாளப்பட்டது. 1978இல் காலரா குறித்த நோபல் கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். ஆயின் இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 1986இல், கார்ஃபீல்டே மேற்கோள்களை ஆராய்ந்து அவருடைய பணியின் வீச்சை எழுதிக் காட்டினார். பெங்களூரின் 'கரன்ட் சயின்ஸ்' 1990இல் அவருக்குச் சிறப்பிதழ் வெளியிட்டது.

அறிஞர் காலங்கடந்து அறியப்படுவது புதிதன்று. இதயத்தின் வலப்பக்கக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கின்றது என்று இப்னுந் நஃபீஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். மேற்குலகின் மருத்துவ வரலாறு அதை அறிந்தது, 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி பெர்லின் நூலகத்துச் சுவடியைக் கண்டெடுத்த பின்னரே.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் வகுத்த 'எச்' குறியீட்டை நோக்குக. ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருந்து, 21 கட்டுரைகளுக்கு அவ்வாறு 21 முறை அமையாவிடின் அவருடைய எண் 20. இக்கணக்கில் 1959ஆம் ஆண்டுக் கட்டுரை எத்தனை ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் ஒன்றாகவே எண்ணப்படும். அறிவிப்பாளர்களின் தொகையை மட்டும் எண்ணாது, ஒவ்வொருவரின் நிலையையும் ஆராய்ந்தே தீர்ப்புரைத்தனர் ஹதீஸ் கலை வல்லுநர். மேற்கோள் எண்ணிக்கைக்கும் அத்தகைய ஆய்வு தேவை.

நாமக்கல்லை அடுத்த புதுச்சத்திரம் போன்ற ஊர்களிலும் இன்று வயிற்றுப்போக்கிற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலே முதல் மருந்து. காலரா நஞ்சு நீரை வெளியேற்றும்போதும், சர்க்கரையோடு உப்பை உறிஞ்சும் ஆற்றலைக் குடல் இழப்பதில்லை என்பதே அதன் அடிப்படை. அந்நோயின் இயல்பை விளங்கவைத்தவர்களுள் டே முன்வரிசையில் நிற்பவர். கரைசலை அருந்தி எழும் குழந்தை எந்த அட்டவணையிலும் மேற்கோளாகப் பதிவாவதில்லை. அதனை நினைவிற்கொண்டு மதிப்பிடுவது கற்றோர் மீதுள்ள அமானிதம் ஆகும்.