கூட்டு வங்கிக் கணக்கும் உயிரோடிருப்பவர் உரிமையும்

கூட்டு வங்கிக் கணக்கு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் பெயரில் தொடங்கப்படும் கணக்கு. கணவன், மனைவி பெயரில் தொடங்கும்போது 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்னும் விதியைப் படிவத்தில் குறிப்பது வழக்கம். வங்கியில் இதை 'எய்தர் ஆர் சர்வைவர்' என்பார்கள். ஒருவர் மறைந்தால் மற்றவர் பணத்தை எடுக்கலாம். ஆனால் எடுத்த பணம் அவருக்கே சொந்தமா? படிவத்தில் குறியிட்டதோடு அதுவும் முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இந்த விதி தேவைப்பட்டதற்குக் காரணம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு தொகை இருவருக்குச் சேர்த்துத் தரப்பட வேண்டியதாக இருந்து, அவர்களில் ஒருவர் இறந்தால், உயிரோடிருப்பவரும் இறந்தவரின் சட்டப் பிரதிநிதியும் சேர்ந்தே அதைக் கேட்க வேண்டும் என்கிறது அதன் 45ஆவது பிரிவு. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டுமே விலக்கு. அந்த விலக்குதான் படிவத்தில் உள்ள விதி.

உரிமை பற்றிய வழக்குகள் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றன. இங்கிலாந்தில் கணவன் தன் பணத்தை மனைவி பெயரில் போட்டால், அதை அவளுக்குக் கொடையாகத் தந்தான் என்றே நீதிமன்றம் முதலில் கருதும். மறுப்பவரே சான்று காட்ட வேண்டும். இந்தியாவிலோ பிறர் பெயரில் சொத்து வைக்கும் பினாமி வழக்கம் பரவலாக இருந்தது. எனவே தந்தை மகன் பெயரில் வாங்கியதாலேயே சொத்து மகனுடையதாகிவிடாது என்று 1854இல் கோபிகிருஷ்ண கோசைன் வழக்கில் முடிவாயிற்று. 1928இல் குரன் தித்தா எதிர் ராம் தித்தா வழக்கில் இதே கருத்து வங்கிக் கணக்குக்கும் வந்தது. இந்துக் கணவர் ஒருவர் தம் பணத்தைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும், உயிரோடிருப்பவருக்குத் தரலாம் என்ற விதியுடன் போட்டிருந்தார். அது மட்டும் மனைவிக்குக் கொடையாகாது; கொடுக்கும் எண்ணம் இருந்ததாக மெய்ப்பிக்காவிட்டால் பணம் கணவரின் சொத்தாகவே எஞ்சும் என்றது தீர்ப்பு. கணவனை இழந்த பெண்ணின் மீதே மெய்ப்பிக்கும் சுமை விழுந்தது. கடிதமோ சாட்சியோ இல்லாத வீட்டில் அவர் எதைக் காட்டுவார்?

நாமினி முறை வங்கிச் சட்டத்தில் 1985இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக் கணக்கில் எல்லாரும் இறந்த பிறகே நாமினிக்கு வேலை. அவரும் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர் என்று 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்கு முன்பே, 2005இல், உயிரோடிருப்பவரிடமோ நாமினியிடமோ வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம் என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அந்தச் சுற்றறிக்கையும், பணம் பெறுபவர் சட்டப்படியான வாரிசுகளின் அறங்காவலராகவே அதைப் பெறுகிறார் என்றே சொல்கிறது.

2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம். பணம் மனைவிக்கே முழுமையாகச் சேர வேண்டும் என விரும்புபவர் இன்றும் தனியே உயில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.