"மக்கு" என்ற முத்திரையும் பெர்சி என்ற சிறுவனும்

கண் நன்றாகத் தெரிகிறது. காது நன்றாகக் கேட்கிறது. கணக்கும் வருகிறது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை! இப்படிப்பட்ட பிள்ளையை "சோம்பேறி", "மக்கு" என்று ஒதுக்குவதுதான் நெடுங்கால வழக்கம். அது சோம்பலும் அல்ல, மக்குத்தனமும் அல்ல என்று மருத்துவ உலகம் கண்டுகொண்ட வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கண் மருத்துவர்களின் சந்தேகம்

இந்தக் கதை குழந்தைகளிடம் தொடங்கவில்லை. மூளை பாதிப்பால் திடீரென்று படிக்கும் திறனை இழந்த பெரியவர்களிடம்தான் தொடங்கியது. 1877-ல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் இந்த நிலைக்குச் "சொற்குருடு" என்று பெயர் வைத்தார். 1887-ல் ருடால்ஃப் பெர்லின் என்ற கண் மருத்துவர் இதைப் பற்றி எழுதிய நூலில் "டிஸ்லெக்சியா" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1895-ல் கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட், ஒரு மொழி ஆசிரியரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். அந்த ஆசிரியருக்கு ஒருநாள் காலை எழுத்துகள் புரியாமல் போயின. எண்களை மட்டும் தடையின்றிப் படித்தார். அப்படியானால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்பது தெளிவாயிற்று.

இதைப் படித்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவருக்குத் தான் பார்த்த ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். தெற்கு இங்கிலாந்தில் சீஃபோர்ட் என்ற கடலோர ஊரில் இருந்தவர் அவர். 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய குறிப்பின் நாயகன் பெர்சி, வயது 14. ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்தும் சின்னச் சின்ன சொற்களைத் தவிர எதுவும் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து இடம்மாறி "ப்ரெசி" என்று எழுதினான். ஆனால் இயற்கணிதம் எளிதாக வந்தது. பாடம் முழுவதும் வாய்வழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம்.

எது வருகிறது, எது வரவில்லை என்று மார்கன் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார் அல்லவா? இன்றைய நரம்பியல் உளவியல் மதிப்பீட்டின் விதை அதுதான்.

71 மதிப்பெண் வாங்கிய சிறுவன்

அடுத்த பெரிய அடி அமெரிக்காவில். 1905-ல் பிரான்சில் பினேயும் சிமோனும் உருவாக்கிய நுண்ணறிவுச் சோதனை அதற்குள் அங்கேயும் பரவியிருந்தது. 1925-ல் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர், அயோவா மாநிலத்தில் படிக்க வராத 16 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். சோதனையில் அவனுடைய ஐ.க்யூ. 71. வேறு ஒருவராக இருந்தால் அந்த எண்ணோடு கோப்பை மூடியிருப்பார். ஆனால் மனதில் உருவத்தைக் கற்பனை செய்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்கு அவன் சட்டென்று சரியாகப் பதில் சொன்னதை ஆர்ட்டன் கவனித்தார். அந்த எண் அவனுடைய உண்மையான திறனைக் காட்டவில்லை என்று முடிவு செய்தார்.

மூளையின் இரு பாதிகளுக்கும் இடையே உள்ள போட்டியால் எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்ற ஆர்ட்டனின் விளக்கம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் அவருடன் பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாமும் பெஸ்ஸி ஸ்டில்மேனும் 1930-களில் உருவாக்கிய பயிற்சி முறை நிலைத்தது. எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஒலியை வாயால் சொல்லிக் காதால் கேட்டு, விரலால் வரைந்து, எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகச் செல்வதே அந்த முறை.

ஒலியில் இருந்த சிக்கல்

1983-ல் இங்கிலாந்தில் பிராட்லியும் பிரயன்ட்டும் நேச்சர் இதழில் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டனர். சொற்களில் உள்ள ஒலிகளைப் பிரித்து இனம்காண வராத குழந்தைகளுக்கு அந்தப் பயிற்சியை எழுத்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது வாசிப்பு முன்னேறியது. சிக்கல் பெரும்பாலும் கண்ணில் தெரியும் உருவத்தில் அல்ல, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் என்பது இதுபோன்ற ஆய்வுகளால் உறுதியாயிற்று. இன்றைய மதிப்பீட்டில் ஒலி உணர்வு, நினைவாற்றல், கவனம், பெயர் சொல்லும் வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிப்பது இதனால்தான். எது பலவீனமோ அதற்குப் பயிற்சி, எது பலமோ அதைப் பிடித்துக்கொண்டு பாடம்!

சட்டமும் ஒரு விபரீதமும்

1963-ல் சிகாகோவில் பெற்றோர்கள் கூடிய மாநாட்டில் சாமுவேல் கர்க் "கற்றல் குறைபாடு" என்ற பெயரை முன்வைத்தார். 1975-ல் அமெரிக்கச் சட்டம் இந்தக் குழந்தைகளுக்கும் தகுந்த கல்வி பெறும் உரிமையைத் தந்தது. ஆனால் நடைமுறையில் ஒரு விபரீதம் நடந்தது. ஐ.க்யூ. உயரமாகவும் வாசிப்பு தாழ்வாகவும் இருந்து, இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் உதவி என்ற கணக்கு பரவிவிட்டது. பெர்சி அதில் தேறியிருப்பான். ஆர்ட்டன் பார்த்த சிறுவன் 71 என்ற ஒரே எண்ணால் வெளியே நின்றிருப்பான்! இந்த இடைவெளிக் கணக்கு கட்டாயமில்லை என்று அமெரிக்கச் சட்டம் 2004-ல்தான் திருத்தப்பட்டது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு இங்கே மதிப்பீட்டுச் சான்றிதழ் அவசியம். ஆனால் சான்றிதழோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று காட்டாத சோதனை, "மக்கு" என்ற பழைய முத்திரைக்குப் போட்ட புதுப் பெயராகத்தான் இருக்கும்.