கிறிஸ்துமஸ் அன்று திறந்த பள்ளிவாசல்

1889 டிசம்பர் 25. லிவர்பூல் நகரத்தில் வெஸ்ட் டெர்பி சாலையை ஒட்டிய புரூம் டெரஸ் என்ற வீட்டு வரிசையில், 8ஆம் எண் வீட்டுக் கதவு ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்தது. கிறிஸ்துமஸ் காலையில் பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. சபைகள் ஆண்டுதோறும் செய்வதுதான். புதிது, பரிமாறியவர்கள். அவர்கள் முஸ்லிம்கள். கப்பலில் வந்திறங்கியவர்களும் அல்ல. பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாமல் ஞானப்பாட்டுப் பாடி வளர்ந்த ஆங்கிலேயர்கள். அன்று முதல் அந்த வீடு அவர்களுடைய பள்ளிவாசல்.

அதற்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் ஹென்றி குவில்லியம். 1856இல் லிவர்பூலில் பிறந்தவர். ஐரிஷ் கடலில் இருக்கும் மேன் தீவு அவருடைய பூர்விகம். அப்பா கடிகாரம் செய்பவர். குடும்பம் வெஸ்லியன் மெதடிஸ்ட். அந்தக் காலத்து மெதடிஸ்ட் வீடு என்றால் பாதி வேதம், பாதி மதுவிலக்கு. குடிக்கவே மாட்டேன் என்று சின்ன வயதிலேயே உறுதிமொழி எடுத்தவர் குவில்லியம். 22 வயதில் வக்கீலானார். துறைமுக நகரத்தில் அடிதடி வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் பஞ்சமில்லை. தொழில் நன்றாக நடந்தது.

உடம்பு தேறுவதற்காக 1882இல் தெற்கே போனவர் மொராக்கோ வரை போனார். டாஞ்சியர் போகும் கப்பலில் கண்ட காட்சியைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். காற்று பலமாக அடிக்கிறது, கப்பல் ஆடுகிறது. ஹஜ் பயணிகள் சிலர் வாளியை இறக்கிக் கடல்நீரை மொண்டு, நிதானமாக ஒளு செய்து, மேல்தளத்தில் வரிசையாக நின்று தொழுகிறார்கள். தளம் சாயும்போதும் அவர்கள் முகத்தில் சலனமில்லை. வக்கீலுக்கு அந்த முகங்கள் மறக்கவில்லை. அதன் பிறகு அவர் குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தார், ஊரில் கண்டவர்களோடு வாதாடினார். 1887இல்தான் இஸ்லாத்தை ஏற்றதை வெளிப்படையாகச் சொல்லி, அப்துல்லா என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். கப்பல் தளத்தில் ஒரு நொடியில் மாறிவிட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நடந்ததோ ஐந்து ஆண்டுச் சமாச்சாரம்.

ஊர் திரும்பி அவர் பேசத் தேர்ந்தெடுத்த மேடையைப் பாருங்கள்: மதுவிலக்குக் கூட்டம். ஊர் ஏளனம் செய்த கொள்கைப் பிடிவாதக்காரர்களைப் பற்றிய உரை அது. நீராவி எஞ்சின்காரர், அடிமை ஒழிப்புக்காரர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்த வரிசையில் நபிகள் நாயகத்தையும் சேர்த்தார். சாராயத்தை விலக்கிய ஒரு மார்க்கம் இருக்கிறது என்ற செய்தி, மது எதிர்ப்பிலேயே ஊறிய கூட்டத்துக்கு உறைக்காமல் போகுமா? அவர் புது வாசல் எதையும் வெட்டவில்லை. மெதடிஸ்ட்டுகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த வாசலிலேயே நின்று பேசினார். லிவர்பூல் கதை முழுவதற்கும் இதுதான் சாவி என்று எனக்குப் படுகிறது.

மெர்சி ஆற்றுக்கு எதிர்க்கரையிலுள்ள பிர்க்கன்ஹெட்டில் அப்படியொரு கூட்டத்துக்கு வந்திருந்தார் எலிசபெத் கேட்ஸ். வயது இருபத்திரண்டு அளவில். எழுந்து கேள்வி கேட்டார். நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், பிறர் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே படித்து முடிவுக்கு வாருங்கள் என்று தன்னுடைய குர்ஆன் பிரதியை அவர் கையில் கொடுத்தார் குவில்லியம். வீட்டில் அம்மாவின் கண்ணில் புத்தகம் பட்டதும் ரகளை. பிடுங்கி அழிக்கப் பார்த்தார் அம்மா. மகள் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தார்; வெளியே போனாலும் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனார். சில நாளில் கலிமா சொல்லி ஃபாத்திமா ஆனார். சின்னஞ்சிறு ஜமாஅத்தின் முதல் பொருளாளரும் அவரே.

விலை சாமானியமானதல்ல. கூட்டத்துக்குப் போகும் வழியில் தெருப் பையன்கள் அவர் முகத்தில் குதிரைச் சாணத்தைப் பூசினார்கள். முதலில் மவுண்ட் வெர்னன் தெருவில் வாடகைக்குப் பிடித்திருந்த கூடத்தின் மீது கல் விழுந்தது, கண்ணாடி உடைந்தது. சிலுவை மரணத்தை நம்பாதவர்களுக்கு இடமில்லை என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதனால்தான் அவர்கள் புரூம் டெரஸுக்கு வந்தார்கள். அங்கேயும் பாங்கு சொல்பவர் மேல் சேறும், உள்ளே கல்லை வைத்து உருட்டிய பனிக்கட்டியும் பறந்து வந்தன.

உள்ளே நடந்தது இன்னும் சுவாரசியம். ஐவேளைத் தொழுகை, வெள்ளிக்கிழமை ஜும்மா எல்லாம் உண்டு. கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களுக்காக ஒரு கூட்டம்: ஆர்கன் இசை, ஞானப்பாட்டுகள், பிறகு சொற்பொழிவு. பாட்டுகள் பெரும்பாலும் சபைகளில் பாடியவையே. திரித்துவத்தையோ இயேசுவின் தெய்வத்தன்மையையோ சொல்லும் அடிகளை மட்டும் மாற்றிவிட்டார்கள். சிலவற்றைக் குவில்லியமே எழுதினார். நாற்பது வருடம் ஞாயிறு மாலை பாடிப் பழகிய தொண்டையை ஒரே நாளில் மூடச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பம்பாயிலிருந்தோ இஸ்தான்புல்லிலிருந்தோ வந்த முஸ்லிம் யாராவது பள்ளிவாசலில் ஆர்கனைப் பார்த்திருந்தால் கொஞ்சம் திகைத்துத்தான் போயிருப்பார்.

வீடு வளர்ந்தது. பள்ளிக்கூடம், நூலகம், சொந்த அச்சகம் வந்தன. 1893இல் ‘தி கிரசண்ட்’ என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகளுக்காக ‘மதீனா இல்லம்’ என்று ஓர் இல்லம். குவில்லியம் 1889இல் எழுதிய சிறு நூலை விக்டோரியா மகாராணி வரவழைத்துப் படித்துவிட்டு, குடும்பத்தாருக்காக இன்னும் ஆறு பிரதிகள் கேட்டாராம். துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1894இல் குவில்லியமை பிரிட்டிஷ் தீவுகளின் ஷேக்குல் இஸ்லாம், அதாவது முஸ்லிம்களின் மார்க்கத் தலைவர், ஆக்கினார். மறு ஆண்டு இங்கிலாந்து வந்த ஆப்கானிஸ்தான் இளவரசர் நஸ்ருல்லா கான் கொடுத்த 2,500 பவுன் நன்கொடை இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள உதவியது. போபாலைச் சேர்ந்த மவுலவி பரக்கத்துல்லா 1890களில் இங்கே ஆசிரியராக இருந்தார். 1915இல் காபூலில் அமைந்த நாடு கடந்த இந்திய அரசின் பிரதமர் என்று நம் வரலாற்றுப் புத்தகங்களில் வருபவர் அவர்தான்.

மொத்தத்தில் சுமார் 600 பேர் இந்த ஜமாஅத்தின் வழியாக இஸ்லாத்துக்கு வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்டான்லி: தேயிலை வியாபாரி, ஸ்டேலிபிரிட்ஜ் ஊரின் முன்னாள் மேயர். 1898இல், எழுபதை நெருங்கும்போது, ரஷீத் ஆனார். அந்த வயதில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மதம் மாறுவது குடும்பத்துக்குள் பேசும் விஷயமாக இருக்கவில்லை. வம்சாவளியைத் தோண்டிய பிற்காலச் சந்ததியினருக்குத்தான் அது தெரியவந்தது.

ஃபாத்திமா கேட்ஸ் அவ்வளவு காலம் இருக்கவில்லை. 1900இல், 35 வயதில், நிமோனியாவில் இறந்தார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பெயர்க் கல் வைக்க ஆளில்லை. அது வந்தது நூற்றாண்டு கழிந்த பிறகு.

ஒரே ஆளைத் தூணாக வைத்துக் கட்டிய வீட்டின் பலவீனம் 1908இல் வெளிப்பட்டது. ஒரு விவாகரத்து வழக்கில் கட்சிக்காரருக்காகக் குவில்லியம் சாட்சியத்தையே ஜோடித்தது அம்பலமாயிற்று. அவர் இஸ்தான்புல்லுக்குப் புறப்பட்டுப் போனார். மறு ஆண்டு வக்கீல்கள் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். சூடானில் பிரிட்டிஷ் படையோடு சேர்ந்து முஸ்லிம்களுக்கு எதிராக முஸ்லிம்கள் ஆயுதம் எடுக்கக் கூடாது என்று 1896இல் அவர் கொடுத்த ஃபத்வாவால், ராஜ துரோகி என்ற வசை ஏற்கெனவே இருந்தது. பத்திரிகை நின்றது. சொத்து கைமாறியது. தாங்குவதற்கு அறக்கட்டளை இல்லை, அடுத்த இமாம் இல்லை. கல்லடியையும் சாணத்தையும் தாங்கிய கூட்டம் தலைவரின் தவறைத் தாங்க முடியாமல் கலைந்தது. என் கணக்கில், எதிரிகள் இருபது ஆண்டு முயன்றும் முடியாததை அவர் தானே செய்துவிட்டார்.

அதே 1889இல் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங்கில் போபால் பேகத்தின் பணத்தில் லைட்னர் என்ற கீழைத்தேய அறிஞர் கட்டிய பள்ளிவாசல், மினாரும் குவிமாடமும் இருந்தும் வெகு காலம் கிட்டத்தட்டப் பூட்டியே கிடந்தது. லிவர்பூல் கலைந்த பின் அது கண்விழித்தது. 1913 வாக்கில் லாகூர்க்காரர் குவாஜா கமாலுத்தீன் அங்கே வந்து சேர, ஹெட்லி பிரபு இஸ்லாத்தை ஏற்ற செய்தி பத்திரிகைகளில் அடிபட்டது. ஆங்கிலிகன் பாதிரியாரின் மகனான மர்மடியூக் பிக்தால் 1917இல் முஸ்லிமானார். பிறகு ஹைதராபாத் நிஜாமிடம் வேலை பார்த்து, 1930இல் குர்ஆனின் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டார்.

குவில்லியம் திரும்பி வந்தார், வேறு பெயரில். ஹாரூன் முஸ்தபா லியோன் என்று சொல்லிக்கொண்டு வோக்கிங் வட்டாரத்திலேயே புழங்கி, 1932இல் இறந்தார். புரூம் டெரஸ் வீடுகளை லிவர்பூல் மாநகராட்சி வாங்கியது. பல பத்தாண்டுகள் அங்கே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகம் நடந்தது. நிக்காஹ்களும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும் நடந்த அந்த இடம் என்னவாக இருந்தது என்று, மணமாலையும் கையெழுத்துமாக வந்துபோன ஜோடிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1990களின் இறுதியில் குவில்லியம் பெயரில் ஒரு சங்கம் அமைந்து, பாழடைந்த கட்டடத்தை மீட்கும் வேலையைத் தொடங்கியது. 2014இல் அங்கே மீண்டும் தொழுகை ஆரம்பமானது. ஆர்கனைத் திரும்ப வாங்கவில்லை.